டையன் ஃபார்ச்சூனின் பழைய மேலாளர்

எச்.ஆர். வேலையில் ராஜினாமா கடிதங்களுக்குப் பஞ்சமே இல்லை. காரணம் என்ற இடத்தில் ‘சொந்தக் காரணங்கள்’ என்று இருக்கும். கதவைச் சாத்திவிட்டுப் பேசினால் ஒரு மேலாளரின் பெயர் வரும். அப்படி என்னதான் செய்தார் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. “திட்டல்லாம் இல்லை மேடம். அவர் ரூமுக்குப் போய்ட்டு வந்தா அன்னைக்கு முழுக்க எதுவும் ஓடாது.” புகார்ப் படிவத்தில் இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

நான் படித்தவரை, இந்த விஷயத்தைத் துல்லியமாக எழுதியவர் ஒரு மந்திரவாதி. பேய்க்கதைகளும் எழுதியவர். 1890இல் வேல்ஸின் லாண்டட்னோவில் பிறந்த வயலட் ஃபிர்த், டையன் ஃபார்ச்சூன் என்ற பெயரில் அறியப்பட்டவர். மாந்திரீகத் தாக்குதலிலிருந்து தற்காத்துக்கொள்வதைப் பற்றி 1930இல் ஒரு புத்தகம் எழுதினார். ஆனால் அவர் தொடங்குவது சூனியக்காரர்களிடமிருந்து அல்ல, தான் வேலை பார்த்த இடத்திலிருந்து.

அப்போது தனக்கு இருபது வயது என்கிறார். அது ஒரு கல்வி நிறுவனம். அதன் தலைவி இந்தியாவில் நெடுங்காலம் இருந்தவர், அங்கே சில வித்தைகளைக் கற்றிருக்க வேண்டும் என்பது ஃபார்ச்சூனின் முடிவு. (அந்தக் காலத்து ஆங்கில வாசகரை மிரட்ட இந்தியா என்று சொன்னாலே போதும்.) ஒரு வழக்கில் சாட்சி தேவைப்பட்டபோது, தலைவி இவரை உட்காரவைத்து, கண்ணோடு கண் பார்த்து, ‘இன்னது நடந்தது, இன்னது நடந்தது’ என்று சொல்லிக்கொண்டே போனாராம். அறைக்குத் திரும்பியவர் போட்டிருந்த உடுப்போடு விழுந்து தூங்கிவிட்டார்.

பிறகு வேலையை விடத் தீர்மானித்து, சொல்லிவிட்டுப் போகலாம் என்று தலைவியின் அறைக்குப் போனார். “நீ திறமையில்லாதவள், உனக்குத் தன்னம்பிக்கை கிடையாது. இதை ஒப்புக்கொண்டுவிட்டுப் போ” என்றார் தலைவி. காலை பத்து மணிக்கு உள்ளே போனவர் வெளியே வந்தபோது பிற்பகல் இரண்டு. அந்த இரண்டு வாக்கியங்களையே தலைவி நூற்றுக்கணக்கான தடவை சொல்லியிருப்பார் என்கிறார். எதிர்த்துக்கொண்டே இருந்தால் நொறுங்கிவிடுவோம் என்று உள்ளுக்குள் தோன்ற, தோற்றுப்போனதுபோல் நடித்துத் தப்பித்தார். தப்பித்தும் மூன்று வருடம் நோயாளியாகவே இருந்தார்.

தன் உயிர்ச்சக்தியின் கூட்டில் ஓட்டை விழுந்துவிட்டது என்பது அவர் தரும் விளக்கம். அதை நான் நம்பவில்லை. ஆனால் அந்த நான்கு மணி நேரத்தை அப்படியே நம்புகிறேன். சத்தம் போடத் தேவையில்லை, அடைத்த அறையும் திரும்பத் திரும்ப வரும் ஒரே பேச்சும் போதும் என்பதை இவ்வளவு தெளிவாக எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தனக்கு என்ன நேர்ந்தது என்று புரிந்துகொள்ளத்தான் அவர் முதலில் உளவியல் படித்தார். லண்டனில் ஒரு கிளினிக்கில் மனநல சிகிச்சையும் அளித்தார். அது போதாமல்தான் மாந்திரீகத்துக்குப் போனார்.

1926இல் வந்த அவருடைய டாக்டர் டாவர்னர் கதைகளிலும் (மாந்திரீகம் தெரிந்த ஒரு மருத்துவரைப் பற்றிய சிறுகதைகள்) இந்த அனுபவத்தின் சாயல் தெரிகிறது. முதல் கதையில், போரிலிருந்து திரும்பிய ஒருவனின் உயிர்ச்சத்தை இறந்துபோன ஒரு சிப்பாய் ஒட்டிக்கொண்டு உறிஞ்சுகிறான். ரத்தம் கொட்டுவதைவிட ஒரு மனிதன் மெல்ல வற்றிப்போவதுதான் அவருக்குப் பயங்கரம்.

அவருடைய பரிகாரங்களோ பாட்டி வைத்தியம்: வயிற்றைக் காலியாக விடாதே, தனியாக இருக்காதே, வெயிலில் நட. இதையே நானும் சொல்கிறேன், கட்டணம் இல்லாமல்.

ஆனால் அவர் தன்னையும் விட்டுவைக்கவில்லை. தனக்குத் தீங்கு செய்த ஒருவரை எப்படிப் பழிவாங்கலாம் என்று படுக்கையில் கிடந்து கறுவிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஓர் ஓநாய் உருவாகிப் படுத்திருந்ததாம். மறுநாள் அதே வீட்டிலிருந்த இன்னொருவர் ஓநாய்க் கனவு கண்டதாகச் சொன்னார். பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிட்ட பிறகுதான், அதுவும் பழிவாங்க நல்ல சந்தர்ப்பம் வாய்த்த நேரத்தில் கைவிட்ட பிறகுதான், அந்த ஓநாயைத் தனக்குள் திரும்ப இழுத்துக்கொள்ள முடிந்தது என்கிறார். ராஜினாமா செய்துவிட்டுப் போகிறவர்கள் சிலரின் கண்ணில் அந்த ஓநாயை நானும் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஆறாமல் நிற்பது வேறொருவர். வேலையை விடும் முன் ஃபார்ச்சூன் அங்கே பல வருடமாக இருந்த ஒரு சக ஊழியரிடம் யோசனை கேட்டிருக்கிறார். “சொல்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடு. சொன்னால் போக முடியாது, நான் பல தடவை முயன்று பார்த்துவிட்டேன்” என்றாராம் அவர். எக்ஸிட் இன்டர்வியூ எடுக்கச் சொன்னால் நான் அவரைத்தான் கூப்பிடுவேன். ஆனால் எங்கள் நடைமுறையில், போகிறவர்களிடம் மட்டும்தான் கேள்வி கேட்கிறோம்.