ஃபயர்வயர் போனாலும் ப்ரீஆம்ப் போகல

பழைய ஃபயர்வயர் இன்டர்ஃபேஸ், அதாவது ஃபயர்வயர்ங்கற பழைய கேபிள் வழியா மைக்கை கம்ப்யூட்டர்ல சேர்க்கற ரெக்கார்டிங் பெட்டி, வச்சிருக்கறவங்க நிறைய பேரு அதை இப்ப ஓஎல்எக்ஸ்ல வந்த விலைக்குத் தள்ளிவிடறாங்க. 2025ல வந்த மேக்ஓஎஸ் 26ல ஆப்பிள் ஃபயர்வயரையே தூக்கிட்டாங்க, இனி இந்தப் பெட்டி எதுக்குன்னு தோணறது நியாயம்தான். ஆனா போனது கம்ப்யூட்டரோட பேசற வழி மட்டும்தாங்க, மைக் சத்தத்தைப் பெருக்கற ப்ரீஆம்புக்கும் அதை டிஜிட்டலாக்கற கன்வர்டருக்கும் ஒண்ணும் ஆகல. பின்னாடி அடாட் ஆப்டிகல் அவுட் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் வித்துக்கோங்க, இருந்தா அது வழியா இந்தப் பெட்டியை புது இன்டர்ஃபேஸுக்கு கூடுதல் மைக் இன்புட்டா ஓட்டலாம்.

அடாட்ங்கறது 90கள்ல அலெசிஸ் விட்ட எட்டு ட்ராக் டேப் மெஷினோட பேரு, எஸ்-விஎச்எஸ் கேசட்ல பதியும், இப்ப மெஷின் மியூசியத்துக்குப் போயாச்சு, அதுக்காகப் பண்ணின ஆப்டிகல் கனெக்ஷன் மட்டும் இன்னும் ஓடிட்டிருக்கு. சாம்பிள் ரேட், அதாவது செகண்டுக்கு எத்தனை தடவை சத்தத்தை அளக்குதுங்கறது, 44.1, 48 கிலோஹெர்ட்ஸா இருந்தா ஒரே கேபிள்ல எட்டு சேனல் போகும், 96க்கு ஏத்தினா நாலுதான்.

என்கிட்ட இருக்கறது ஃபோக்கஸ்ரைட் சஃபையர் ப்ரோ 40, கம்ப்யூட்டர்ல மாட்டியிருக்கறது ஆடியண்ட் ஐடி14. ஐடி14ல மைக் இன்புட் ரெண்டே ரெண்டு. ஒரு சின்ன கச்சேரின்னாலே பாட்டு, வயலின், மிருதங்கத்துக்கு வலந்தலை தொப்பின்னு ரெண்டு, கடம், தம்புரா, ரூமுக்கு ரெண்டுன்னு எட்டு ஆயிடுது, ரெண்டு இன்புட்ட வச்சுக்கிட்டு என்ன பண்றது? சஃபையரோட எட்டையும் ஆப்டிகல்ல உள்ள விட்டா மொத்தம் பத்து.

ஒரே ஒரு தடவை மட்டும் ஃபயர்வயர் இருக்கற பழைய லேப்டாப் யார்கிட்டயாவது கடன் வாங்கணும். சஃபையரோட மிக்ஸ்கன்ட்ரோல் சாஃப்ட்வேர்ல அனலாக் இன்புட் 1-8ஐ அப்படியே அடாட் அவுட் 1-8க்கு ரூட் பண்ணி, சாம்பிள் ரேட் 48 வச்சு, 'சேவ் டு ஹார்ட்வேர்' கொடுத்துட்டா போதும், அதுக்கப்புறம் பவர் மட்டும் கொடுத்தா அதுபாட்டுக்கு வேலை பாக்கும். கெயின் முன்னாடி இருக்கற திருகுலதான் வைக்கணும், ஃபேண்டம் (மைக்குக்கு கேபிள் வழியா போற கரண்ட்) நாலு நாலா ஆன் ஆகும், அதனால அது தேவைப்படற கண்டன்சர் மைக்கெல்லாம் ஒரு பக்கமா போட்டுடுவேன்.

எல்லாரும் மாட்டிக்கற இடம் க்ளாக், அதாவது ரெண்டு பெட்டியும் ஒரே தாளத்துல சாம்பிள் எடுக்க வைக்கற சிக்னல். ஐடி14ல ஆப்டிகல் இன் மட்டும்தான், அவுட் கிடையாது, அதனால சஃபையருக்கு க்ளாக் அனுப்ப வழியே இல்ல. சஃபையர் இன்டர்னல்ல இருக்கணும், ஐடி14தான் ஆப்டிகல்லேருந்து க்ளாக் வாங்கிக்கணும். இதை மாத்தலன்னா சத்தம் வரும், லெவலும் காட்டும், நடுநடுவுல 'டிக்... டிக்'னு ஒரு சனியன் விழுந்துட்டே இருக்கும், அதைக் கேட்டுட்டு கேபிள் போச்சுன்னு புது கேபிள் வாங்கினவங்கள எனக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் ஆப்டிகல் இன்-அவுட் இருந்தா ரெண்டு கேபிள் போட்டு மெயின் இன்டர்ஃபேஸையே க்ளாக் கொடுக்கற மாஸ்டரா வச்சுக்கோங்க, அதான் நிம்மதி. சத்தமே வரலன்னா கேபிள் நுனியில சிவப்பு லைட் தெரியுதான்னு உள்ளங்கையில காட்டிப் பாருங்க, புது கேபிள்ல அந்த குட்டி பிளாஸ்டிக் மூடி அப்படியே இருக்கும்.

ரெண்டு பெட்டி வழியா வர்ற சத்தத்துக்கு நடுவுல சில சாம்பிள் வித்தியாசம் இருக்கலாம். 48ல ஒரு சாம்பிள் நேரத்துல சத்தம் சுமார் 7 மில்லிமீட்டர் போகும், 30 சாம்பிள் தள்ளிப்போனா மைக்கை 20 சென்டிமீட்டர் பின்னாடி வச்சதுக்குச் சமம். அதனால மிருதங்கத்தோட ரெண்டு மைக்கையும் எப்பவும் ஒரே பெட்டியிலதான் செருகுவேன், வலந்தலை இங்க தொப்பி அங்கன்னு பிரிச்சா ரெண்டு மைக்கோட அலையும் சேராம ஃபேஸ் கெட்டு அடி மெலிஞ்சுடும்.

எல்லா பழைய இன்டர்ஃபேஸும் இதுக்கு ஒத்துவராது. யூஎஸ்பிலேருந்தே கரண்ட் எடுக்கறது, கெயினை சாஃப்ட்வேர்ல மட்டுமே மாத்த முடியறது, ஆஃப் பண்ணினா ரூட்டிங் மறந்துடறது, இதெல்லாம் வேஸ்ட். அடாட் இல்லாம லைன் அவுட் மட்டும் இருந்தா அதை மெயினோட லைன் இன்ல கொடுக்கலாம், டிஜிட்டலாகி அனலாகாகி திரும்ப டிஜிட்டலாகும், லேட்டன்சி (சத்தம் வந்து சேர்ற தாமதம்) கொஞ்சம் கூடும், ஆனா ரூம் மைக்குக்கு அது தாராளம்.