கல்வெட்டுக் கோப்புகள்

6 ஒக்டோபர் 2025, திங்கள்

போயா விடுமுறை, பௌர்ணமி. தெருவில் வாகனம் குறைவு, அதனால் அந்தச் சத்தம் நன்றாகவே கேட்டது. இறந்தவர்களின் 31ஆம் நாளுக்குக் கொடுக்கும் நினைவு மலரைத்தான் நாங்கள் கல்வெட்டு என்போம். அப்பா அவற்றை அடித்துவந்த பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் டக், டக் என்று அடித்துவிட்டு நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது. உடனே அணைத்துவிட்டேன். இந்தச் சத்தம் வந்த பிறகு அதை ஓட விடவே கூடாது.

7 ஒக்டோபர்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் புதிய கணினி வாங்கியாயிற்று. விண்டோஸ் 11. கடைத் தம்பி, "பழசையும் கொண்டு வாங்க அக்கா, எல்லாத்தையும் நாங்களே மாத்தித் தாறம்" என்றார். நல்ல பிள்ளைதான். ஆனால் கொடுக்க மனம் வரவில்லை. எத்தனை வீட்டு வம்சாவளி அதில் இருக்கிறது! யார் பெயரை விட்டார்கள், யாரைப் பிறகு சேர்க்கச் சொன்னார்கள் என்பது வரைக்கும் இருக்கிறது. பழைய டிஸ்க்கைப் புதியதின் யூஎஸ்பியில் மாட்டும் சாட்டா கேபிள் ஒன்றை மட்டும் வாங்கி வந்தேன்.

அப்பா படுத்தபடியே கேட்டார்: "பாமினி வந்திட்டுதே பிள்ளை?" அவர் கல்வெட்டு அடித்த தமிழ் ஃபொன்ட் அது.

8 ஒக்டோபர்

பின்னேரம் முழுக்க இடி மின்னல். கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒன்றையும் தொடவில்லை.

9 ஒக்டோபர்

பெட்டியைக் கழற்றினேன். வெள்ளவத்தையில் கடல் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக் காற்று எதையும் விடாது. ஆணிகள் எல்லாம் செம்மண் நிறம், ஒன்றின் தலை கையோடு வந்துவிட்டது. டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் மாட்டினேன்.

விண்டோஸில் நேரடியாகப் பிரதி எடுக்கவில்லை. வாசிக்க முடியாத இடம் வந்தால் அது அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும், டிஸ்க்கும் சேர்ந்து சாகும். பென் டிரைவிலிருந்து உபுண்டு இயங்குதளத்தை ஏற்றி, பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூவை ஓட விட்டேன். அது வாசிக்கக்கூடியதை முதலில் அள்ளி எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகுதான் திரும்பி வரும். இரவு முழுக்க ஓடட்டும்.

10 ஒக்டோபர்

ஓடுகிறது.

11 ஒக்டோபர்

பெரும்பகுதி வந்துவிட்டது. '2005 ஜனவரி' கோப்புறையில்தான் ஓட்டைகள்.

வேறு எந்த மாதமாக இருந்தாலும் இப்படி வயிறு பிசையாது. சுனாமியில் டிசம்பர் 26 போனவர்களுக்கு 31ஆம் நாள் ஜனவரி 25. அதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று அப்பா இரவிரவாக அடித்தார். ஒரே வீட்டில் நாலு பேர், நாலு படமும் ஒரே அட்டையில். அந்தக் குடும்பங்களில் சிலரிடம் வேறு புகைப்படமே மிஞ்சவில்லை. ஸ்கான் செய்து திருப்பிக் கொடுத்த படங்களின் பிரதி அந்தக் கோப்புறையில்தான் இருக்கிறது.

அப்பாவிடம் சொல்லவில்லை. கெட்ட இடங்களைத் திரும்ப வாசிக்க விட்டிருக்கிறேன்.

12 ஒக்டோபர்

ஒரு கல்வெட்டின் வாழ்க்கை வரலாறு வேர்ட் கோப்பாக இருந்தது. திறந்தேன். முழுக்க ஆங்கில எழுத்து. பாமினி, எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் இல்லை, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்த ஃபொன்ட். அது இல்லாத கணினியில் "அம்மா" என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கிறது. "அன்னார்" இல்லை, "நன்றி நவிலல்" இல்லை. பக்கம் பக்கமாகக் குப்பை.

பிரதியின் விண்டோஸ் கோப்புறைக்குள் போய் ஃபொன்ட்ஸைத் தேடி பாமினியை எடுத்துப் போட்டேன். மறுபடி திறந்ததும், இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா அப்படியே வந்து நின்றது. எழுந்து போய் அப்பாவிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே, "பழைய பாமினி ரெண்டு விதம் இருக்கு, ரெண்டையும் எடு" என்றார். எடுத்தேன்.

13 ஒக்டோபர்

ஃபொன்ட்டை எடுத்துப் போட்டதுபோல மென்பொருளை எடுத்துப் போட முடியாது. அப்பா கல்வெட்டுப் பக்கங்களை அமைத்த பேஜ்மேக்கரின் கோப்புறையைத் தூக்கி வைத்தால் திறக்காது, முறைப்படி நிறுவ வேண்டும். அதற்குப் பின் வந்த இன்டிசைனின் இப்போதைய பதிப்பு பேஜ்மேக்கர் கோப்பைத் திறப்பதில்லை, பழைய சிஎஸ்6 பதிப்பு வரைதான் திறந்தது. அதனால் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பொக்ஸ் போட்டு, உள்ளே விண்டோஸ் 7, அதற்குள் பேஜ்மேக்கர் 7. குறுந்தட்டு அப்பாவின் அலுமாரியில் இருந்தது, உறையில் எண்ணும் இருந்தது.

நாளை அப்பாவுக்கு ஸ்கான். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

14 ஒக்டோபர்

விண்டோஸ் 10க்கு இன்றோடு ஆதரவு முடிகிறதாம். மச்சாள் பதறிக்கொண்டு போன் எடுத்தாள். கணினி நின்றுபோகாது, பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வராது, முதலில் படங்களை வேறிடத்தில் பிரதி எடுத்து வை என்றேன். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபடி சொன்னேன்.

16 ஒக்டோபர்

2005 ஜனவரியில் மூன்று படங்கள் பாதியோடு நின்றுவிட்டன. மேல் பாதி இருக்கிறது, முகம் இருக்கிறது, கீழே சாம்பல் நிறம். மற்ற எல்லாம் வந்துவிட்டன. முகம் இருக்கிறது.

17 ஒக்டோபர்

கனடாவிலிருந்து ஒரு அம்மா, கணவரின் கல்வெட்டு வேண்டும் என்று கேட்டார். யூனிகோடுக்கு மாற்றிப் பார்த்தேன். தமிழ் சரியாக வந்தது, ஆனால் இடையில் ஆங்கிலத்தில் இருந்த பட்டங்களும் பேரப்பிள்ளைகளின் பெயர்களும் தமிழ்க் குப்பையாகிவிட்டன. கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்க்காமல் ஒன்றையும் வெளியில் விடக்கூடாது. அவருக்கு பேஜ்மேக்கரிலிருந்தே பிடிஎஃப் எடுத்து, ஃபொன்ட்டை உள்ளே பதித்து அனுப்பினேன். இனி எல்லாவற்றுக்கும் அதுதான் வழி: முதலில் பிடிஎஃப், யூனிகோட் பிறகு.

19 ஒக்டோபர்

நாளை தீபாவளி. ஸ்கான் முடிவுக்கு டொக்டர் வியாழன் வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் 1998 முதல் 2003 வரையாவது பிடிஎஃப் ஆக்கி அப்பாவுக்குக் காட்ட வேண்டும். 1998இல் தொடங்கியிருக்கிறேன். முதல் கோப்பிலேயே தேவாரப் பக்கம் இடம் மாறி நிற்கிறது.