அப்பாவின் மூச்சு, அக்காவின் துடிப்பு

மார்ச் 4
அக்காவின் மார்பில், இதயத் துடிப்பை இடைவிடாமல் பதியும் ஹோல்டர் கருவியை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். கழற்றும்வரை குளிக்கக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே முறையீடு.

மார்ச் 5
"அவளுக்கு இது என்னிடமிருந்து போனதா?" என்று அப்பா கேட்டார். அவருக்கு சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். நெபுலைசர் இரைச்சலில் காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன்.

மார்ச் 7
இரவெல்லாம் நான்காம் குரோமோசோமைப் பற்றியே படித்தேன். இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு தொடர்புடைய மரபணு வேறுபாடுகளை, ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 2007இல் அதன் நீண்ட கரத்தில், பிட்எக்ஸ்2 மரபணுவுக்கு அருகே கண்டறிந்தார்கள். கருவில் உறுப்புகளுக்கு இடம் வலம் வகுக்கும் அந்த மரபணு, நுரையீரல் சிரைகளின் சுவரில் இதயத் தசை படர்வதற்கும் வேண்டும். அச்சிரைகளிலிருந்துதான் முறைகெட்ட மின்துடிப்புகள் பெரும்பாலும் கிளம்புகின்றன என்பதை 1998இல் பிரான்சின் போர்தோ நகரக் குழுவினர் காட்டியிருந்தார்கள். பிசகு தொடங்கும் இடமே நுரையீரலின் வாசலாக இருக்கையில், இரு மருத்துவர்கள் அப்பாவின் கோப்பையும் அக்காவின் கோப்பையும் ஏன் தனித்தனியாகப் புரட்டுகிறார்கள்? சிஓபிடியோடு தொடர்புடைய எஃப்ஏஎம்13ஏ, எச்எச்ஐபி என்னும் மரபணுக்களும் அதே கரத்தில் இருப்பதைக் கண்டு துள்ளினேன். ஆனால் இடையே கோடிக்கணக்கான டிஎன்ஏ எழுத்துகள் கிடக்கின்றன. ஒரே தெருவில் குடியிருப்பவர்களெல்லாம் உறவினர் ஆகிவிடுவதில்லை.

மார்ச் 8
அப்பாவின் ரத்தத்தில், ஒரு மரபணுப் பிழையால் குறையக்கூடிய நுரையீரல் காப்புப் புரதமான ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் அளவு இயல்பாக உள்ளது. ஒற்றை மரபணுவின்மேல் பழிபோடும் வசதி போயிற்று.

மார்ச் 10
ஒரே மரபணு வேறுபாடு நுரையீரலில் ஒன்றும் இதயத்தில் வேறொன்றும் செய்யலாம் என்பது இரு நோய்களையும் இணைக்கும் ஒரு வழி. ஆனால் நோயுற்ற நுரையீரலே ஆக்சிஜன் குறைவாலும், நுரையீரல் தமனியில் ஏறும் அழுத்தத்தாலும், ஓயாத அழற்சியாலும் இதயத்தைத் தடுமாற வைக்கலாம். அப்போது மரபணு தொட்டது நுரையீரலை மட்டுமே. பதினைந்தாம் குரோமோசோமின் சிஎச்ஆர்என்ஏ5 மரபணு இன்னும் தந்திரமானது: நிகோடின் ஏற்பியை மாற்றி ஒருவரைக் கூடுதலாகப் புகைக்க வைக்கிறது, அந்தப் புகை இரண்டு உறுப்புகளையும் கெடுக்கிறது. அக்கா புகைத்தவள் அல்லள். அவள் மூச்சிலும் குறை இல்லை. ஆகவே எனக்கு எஞ்சுவது முதல் வழிதான், அதுவும் தனித்தனியே மிகச் சிறிய பங்குள்ள எத்தனையோ வேறுபாடுகளின் கூட்டாக.

மார்ச் 11
இன்ஹேலரில் உள்ள சால்பூட்டமால் மருந்து துடிப்பை விரைவுபடுத்தும் என்று அக்கா சொன்னதிலிருந்து அப்பா அதைத் தொட மறுக்கிறார். இவளுக்கு யார் சொல்லச் சொன்னார்கள்?

மார்ச் 13
அக்காவுக்கு விட்டுவிட்டு வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான். அப்பா மறுபடியும் கேட்டார். பாதி மரபணு அம்மாவுடையது என்றேன். அம்மா அறைவாசலில் நின்றிருந்தாள்.

மார்ச் 14
அப்பாவுக்கும் இசிஜி எடுக்கச் சொல்லிவிட்டார்கள். காலையிலேயே கிளம்ப வேண்டும்.