மூன்று ஊசி, மூன்று கோடு

அக்டோபர் 12, சனி. வண்டிப்பெரியார்

வாகமண் பைன் காட்டுக்குப் போய் வந்தோம். மகள் கீழே கிடந்த ஊசிக்கொத்து ஒன்றை எடுத்துப் பிரித்தாள். அடியில் காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி ஓர் உறை, அதிலிருந்து மூன்று ஊசிகள். "நம்ம அணில் முதுகுலயும் மூணு கோடுதானம்மா?" என்றாள். வீடு வரும்வரை அதே பேச்சு.

அக்டோபர் 13, ஞாயிறு

அணிலும் பைனும் சேர்ந்து வாழும் இடம் எது என்று தேடினேன். அமெரிக்காவின் மேற்கு மலைகளில் மஞ்சள் பைன் சிப்மங்க் என்று ஒரு சிறு அணில். ஐம்பது கிராம்தான் இருக்கும். முகத்திலும் கோடுகள், கன்னத்தில் பை. நம் அணிலுக்குக் கன்னப்பை கிடையாது. அதே மலையில் ஜெஃப்ரி பைன்: இதிலும் கொத்துக்கு மூன்று ஊசி. அணிலுக்குச் சில வருட ஆயுள், மரமோ நானூறு வருடம் தாண்டியும் நிற்கும்.

அக்டோபர் 16, புதன்

மழை, கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மகளுக்குச் சொன்னேன். ஜெஃப்ரி பைன் விதைக்கு இறக்கை உண்டு, ஆனால் விதை கனம். காற்று அதிக தூரம் கொண்டுபோகாது. சிப்மங்க் அதைப் பொறுக்கி, கன்னத்தில் அடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல இடங்களில் புதைக்கும். குளிர்காலத்துக்கு வளையிலும் சேர்த்து வைக்கும். எடுக்காமல் விட்டவை பனி உருகியதும் முளைக்கும், ஒரே குழியிலிருந்து கொத்தாக. ஸ்டீபன் வாண்டர் வால் என்ற ஆய்வாளர் விதைகளில் கதிரியக்கக் குறி வைத்துத் தேடிப்போய் இதைக் கண்டார். படித்தபோது எனக்குப் புல்லரித்தது. ஐம்பது கிராம் உயிர் நட்ட மரம், அதன் பேரன் பேத்திகளுக்கும் எத்தனையோ தலைமுறை தாண்டி நிற்கிறது!

அப்புறம்தான் வாகமண் நினைவு வந்தது. தென்னிந்தியாவுக்குச் சொந்தமான பைன் ஒன்றுகூட இல்லை. அங்கே நிற்பதெல்லாம் மனிதர் நட்டவை. கூடவே அணிலைக் கொண்டுவர யார் நினைத்திருப்பார்கள்? எனக்கு அந்த மரங்களை நினைத்து மனசு கனத்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

எடுத்து வந்த கூம்பு அடுப்புப் பக்கம் காய்ந்து விரிந்துவிட்டது. செதிலுக்கு இரண்டு விதை. மகள் ஒன்றை ஊதினாள், சுழன்று சுழன்று விழுந்தது. நான்கைந்தைத் திண்ணையில் வைத்தோம். அணில் வந்தது, பக்கத்து வீட்டுச் சேச்சிக்கு அது அண்ணான். முகர்ந்து பார்த்துவிட்டுக் கொய்யா மரத்துக்கு ஓடிவிட்டது.

"சரி, நானே சிப்மங்க்" என்று தொட்டியில் விரலால் ஒரு குழி தோண்டினாள். நான்கு விதையையும் அதே குழியில் போட்டு மூடினாள்.