ஒற்றையா, இரட்டையா?

ஜூன் 16, 2025, திங்கள்

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை என்னிடம் ஒரே அறையில்தான் உட்காருகிறார்கள். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரித்திருக்கிறோம். ஆட்டத்துக்கு அந்தப் பிரிவு வேண்டாம். இன்று புளியங்கொட்டைப் பையை எடுத்தேன். கொஞ்சம் கைக்குள் மூடிக்கொண்டு ‘ஒற்றையா, இரட்டையா?’ என்று கேட்க வேண்டியது. பதில் வந்ததும் தரையில் இரண்டிரண்டாக அடுக்க வேண்டியது. ஒரு கொட்டை தனியாக நின்றால் ஒற்றை. இருபது வரை எண்ணத் தெரியாத பிள்ளைகூட யார் ஜெயித்தது என்று சரியாகச் சொல்லிவிடுகிறது. ஜோடி சேர்க்கத் தெரிந்தால் போதும். அதனால்தான் வருடத் தொடக்கத்திலேயே இதை வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

இருவருக்கும் ஒற்றை விழுந்தது. ஒன்றாம் வகுப்புப் பையன் தன்னிடம் மிஞ்சிய கொட்டையை எதிரில் இருந்தவளின் கொட்டையோடு ஒட்டி வைத்து, “இப்போ ரெண்டு பேருக்கும் சேத்து இரட்டை” என்றான். கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் இது இவ்வளவு சுளுவாக வந்திருக்காது.

ஜூன் 19, வியாழன்

பழைய காலண்டர் அட்டையை வெட்டி, அட்டைக்கு ஓர் எழுத்து எழுதினோம். ‘விகடகவி’யை வரிசையாகப் பரப்பி, இரு ஓரத்திலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து ஜோடி சேர்க்கச் சொன்னேன். வி, வி. க, க. நடுவில் ‘ட’ மட்டும். “ஒத்தை, டீச்சர்!” என்று ஒரே கூச்சல். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாகவே வருவதற்கு மாலைமாற்று என்ற பெயரை அப்புறம்தான் சொன்னேன். ‘தேரு வருதே’, ‘மோரு போருமோ’ இரண்டிலும் இதே கதை, நடுவில் ஒன்று மிஞ்சும்.

பிறகு தாத்தா, பாப்பா, காக்கா. இங்கே நடுவில் நிற்பது புள்ளி எழுத்து. மெய்யை எண்ணாமல் விடும் பிள்ளைகளுக்கு இதுதான் நல்ல மருந்து. ‘த்’ அட்டையை எடுத்துவிட்டுப் படிக்கச் சொன்னால் ‘தாதா’ என்று படித்துச் சிரிக்கிறார்கள், தாங்களாகவே அட்டையைத் திரும்ப வைக்கிறார்கள்.

ஜூன் 20, வெள்ளி

இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ‘மாமா’ வைத்தாள். நடுவில் எதுவும் இல்லை. “மாமா இரட்டை!”

திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகவே பாடியிருக்கிறார் என்று மூன்றாம் வகுப்புக்காரர்களிடம் சொன்னேன். “அப்போ நாலு அட்டையிலயும் வருமா?” என்று ஒருவன் கேட்டான். தேடி வரச் சொல்லியிருக்கிறேன். திங்களன்று ஒற்றைக்கு ஒரு டப்பா, இரட்டைக்கு ஒரு டப்பா. கைரேகை, குடகு, திகதி மூன்றையும் ஒற்றை டப்பாவுக்கு நான் எழுதி வைத்துவிட்டேன். இரட்டை டப்பாவை அவர்களே நிரப்பட்டும்.