தெருவோரத்திலிருந்து வார்டு வரை

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அம்மா இருந்தார். நாலைந்து சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருப்பார். தனக்குத்தானே பேசுவார், யாராவது கிட்டே போனால் கல்லை எடுப்பார். அவரைச் சிகிச்சைக்குச் சேர்த்த விவரத்தை எழுதுகிறேன். இப்படி ஒருவரைத் தினமும் பார்ப்பவர்களுக்கு உதவும்.

டீக்கடை அண்ணன் கொடுத்தால் மட்டும் டீ வாங்குவார். அதனால் நானும் அண்ணனோடு போய் நின்றேன். மெல்ல என்னிடமும் வாங்கத் தொடங்கினார். பேசியது தெலுங்கு. குண்டக்கல் என்ற ஊர்ப் பெயர் அடிக்கடி வந்தது, குறித்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அலைச்சல். ஆஸ்பத்திரியில் "போலீஸ் மெமோ வேணும்" என்றார்கள். ஸ்டேஷனில் "இது ஆஸ்பத்திரி வேலை" என்றார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவை அச்செடுத்து, மனுவோடு இணைத்துக் கொடுத்து ரசீது கேட்டேன். அந்தப் பிரிவின்படி, மனநோயோடு ஆதரவின்றித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது ஸ்டேஷன் பொறுப்பதிகாரியின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். காணாமல் போனவர் என்று எஃப்ஐஆர் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். ரசீது கேட்டதும் வேலை நகர்ந்தது. வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்.

ஆம்புலன்ஸ் வந்ததும் அந்த அம்மா தன் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினார். பெண் காவலர் ஒருவர் கெஞ்சிப் பேசி மூட்டையை வாங்கி, அவர் கண்ணெதிரே வண்டிக்குள் வைத்தார். பின்னாலேயே அந்த அம்மாவும் ஏறிவிட்டார்.

தலை முழுக்கப் பேன். மொட்டையடித்துவிடலாம் என்று வார்டில் பேச்சு வந்தது. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. நர்ஸ் அக்கா மருந்து தடவி, சிக்கெடுத்து, மத்தியானம் முழுக்க வாரினார். அந்தப் பொறுமையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் தம்பியின் பெயரைச் சொன்னார். போலீஸ் குண்டக்கல் ஸ்டேஷனில் விசாரித்தார்கள், தம்பி வந்தார். அக்கா செத்துப்போயிருப்பார் என்றே நினைத்திருந்தாராம்.

வீடு திரும்பிய பிறகுதான் கவனம் அதிகம் தேவை. ஆள் தெளிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், மறுபடியும் தெருதான். மாவட்ட மனநலத் திட்டத்தில் மாத்திரை இலவசம் என்பதைத் தம்பியிடம் சொல்லி, எந்த அரசு மருத்துவமனையில் வாங்குவது என்று கேட்டு எழுதிக் கொடுத்தோம். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416ஐயும் அவர் போனில் பதிந்தோம். "நல்லாத்தான் இருக்கா, நிறுத்திடலாமா?" என்று பிறகு ஒரு நாள் கேட்டார். நான் பதில் சொல்லாமல் போனை டாக்டரிடம் கொடுத்தேன். மாத்திரை தொடர்கிறது.