சாம்பல் நிறம்: மூலப்பொருள் செயலிக் குறிப்புகள்

ஜனவரி 5

அழகுசாதன லேபிளைப் படம் எடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று விளக்கும் செயலி இது. லேபிளின் மூலப்பொருள் பட்டியலைத் தனித்தனிப் பெயர்களாக்கக் கமாவை வைத்து வெட்டுவது போதாது. 1,2-ஹெக்ஸேன்டையால் என்ற பெயருக்குள்ளேயே கமா இருக்கிறது. வெட்டினால் ‘1’ என்று ஒரு பொருள், ‘2-ஹெக்ஸேன்டையால்’ என்று இன்னொன்று. இரண்டும் அட்டவணையில் கிடையாது. இதனால் யாருக்கும் பெரிய கேடில்லை. 2-ப்ரோமோ-2-நைட்ரோப்ரோப்பேன்-1,3-டையால் அப்படியல்ல. மெல்ல மெல்ல ஃபார்மால்டிஹைடை விடுகிற பிரிசர்வேட்டிவ் அது. நடுவில் வெட்டுப்பட்டால் எந்தப் பெயரோடும் பொருந்தாமல் நழுவிவிடும். ஃபார்மால்டிஹைடு ஒத்துக்கொள்ளாதவர் ஸ்கேன் செய்தாலும் திரை வாய் திறக்காது.

இரண்டு இலக்கங்களுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் வரும் கமாவைத் தொடாதே என்ற விதி பாதி வேலையைச் செய்யும். மீதியைக் கெடுப்பது ஓசிஆர். படத்திலிருந்து எழுத்தை எடுக்கும்போது ‘1, 2-’ என்று நடுவில் இடம் விட்டுவிடும். ஆகவே வரிசையையே மாற்ற வேண்டும்: முதலில் பெயர் அகராதியில் ஆக நீளமான பொருத்தத்தைத் தேடு, கிடைத்ததைப் பூட்டு, மிச்சத்தை மட்டும் கமாவில் வெட்டு.

சாய்கோட்டிலும் இதே தொல்லை. ‘அக்வா/வாட்டர்/ஓ’ என்றால் மூன்றும் தண்ணீர். ‘அக்ரிலேட்ஸ்/சி10-30 அல்கைல் அக்ரிலேட் கிராஸ்பாலிமர்’ என்றால் மொத்தமும் ஒரே பொருள். விதி எழுதி மாளாது, அகராதி சொல்வதுதான் தீர்ப்பு. வரி முடிவில் வரும் இணைகோட்டை எடுத்தும் பார்க்க வேண்டும், வைத்தும் பார்க்க வேண்டும். ‘ஃபீனாக்ஸி-எத்தனால்’ ஒட்ட வேண்டியது. ‘பெக்-40’ கோட்டோடு நிற்க வேண்டியது.

அடைப்புக்குறிக்குள் இருப்பதையெல்லாம் துடைக்கும் வரி நிரலில் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்தாக வேண்டும். ‘(ஷியா)’ போனால் நஷ்டமில்லை, ‘(நேனோ)’ போகக் கூடாது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி நேனோ வடிவில் சேர்த்த பொருளை அப்படித்தான் பெயருக்குப் பின்னால் குறிக்கிறார்கள்.

ஜனவரி 6

‘சொல்ல முடியாது’ என்ற நிலைக்கான சாம்பல் நிறம் முடிவாகவில்லை.

ஜனவரி 8

உருளைப் பாட்டில். ஒரே படத்தில் முழுப் பட்டியலும் வராது, வந்தாலும் ஓரத்து எழுத்துகள் நெருங்கிப் படிக்க முடியாமல் போகும். பனோரமா எடுக்கச் சொன்னால் இன்னும் மோசம், தையல் விழும் இடத்தில் எழுத்தே இரட்டிக்கிறது. பாட்டிலைத் திருப்பித் திருப்பி மூன்று படம், ஒவ்வொன்றிலும் நடு மூன்றில் ஒரு பங்கை மட்டும் நம்பு. ஒரு படத்தின் கடைசியில் வந்த பெயர்கள் அடுத்த படத்தின் தொடக்கத்திலும் வந்தால் அங்கே இணை. பொதுவான பெயர் வராவிட்டால் இணைக்காதே, இன்னொரு படம் கேள்.

வழவழப்பான டியூபுக்கு ஃபிளாஷை அணைக்கச் சொல்ல வேண்டும். கேமராவைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாலே பளபளப்பு விலகும். உள்ளே இருப்பது தெரியும் பாட்டிலில் வெள்ளை எழுத்து என்றால் பின்னால் கறுப்புத் துணி. இந்தக் குறிப்புகளை உதவிப் பக்கத்தில் புதைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். படம் மங்கலாக வந்த அந்த நொடியில், அந்தக் காரணத்துக்கு உரிய ஒரே வாக்கியம் திரையில் வர வேண்டும்.

பட்டியல் எங்கே முடிகிறது? முற்றுப்புள்ளியில் என்று வைத்தால் ‘ஆல்கஹால் டினாட்.’ என்ற சுருக்கத்தின் புள்ளியிலேயே நின்றுபோகும். அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் காணாமல் போகும், அதுவும் சத்தமில்லாமல்.

நிறமி எண்களுக்கு முன்னால் வரும் சிஐ (கலர் இண்டெக்ஸ்) என்பதன் பெரிய ஐயைச் சிறிய எல் என்று படித்துவிடுகிறது. ஐந்து இலக்கம் பின்தொடர்ந்தால் சிஐ என்றே எடுத்துக்கொள்ளலாம். 77891 டைட்டானியம் டை ஆக்சைடு, 77491 சிவப்பு இரும்பு ஆக்சைடு, 77499 கறுப்பு. இலக்கத்தை மட்டும் ஊகித்துத் திருத்தவே கூடாது.

ஜனவரி 9

எழுத்துப் பிழையை மன்னிக்கும் பகுதிதான் இதில் ஆபத்தானது.

ரெட்டினாலுக்கும் ரெட்டினலுக்கும் லேபிளில் ஓரெழுத்து வித்தியாசம், ஓவுக்குப் பதில் ஏ. இரண்டும் வைட்டமின் ஏ குடும்பம்தான், ஆனால் வேறு வேறு பொருள். மெத்தில்பாராபெனுக்கும் எத்தில்பாராபெனுக்கும் முன்னெழுத்து ஒன்றுதான் வேறு. செராமைட் என்பி, செராமைட் ஏபி: அங்கேயும் ஓரெழுத்து. ப்ரோப்பில்பாராபென் ஐரோப்பாவில் வரம்போடு அனுமதி, அதன் முன்னால் ‘ஐசோ’ என்று மூன்றெழுத்து சேர்ந்தால் 2014-லிருந்து தடை. சோடியம் லாரில் சல்ஃபேட், சோடியம் லாரெத் சல்ஃபேட் இரண்டுக்கும் மூன்று எழுத்துதான் தூரம். முதலாவது தோலை எரிச்சலூட்டுவதில் கடுமையானது, அதனால்தான் தோல் எரிச்சல் ஆய்வுகளில் ஒப்பீட்டுப் பொருளாகவே அதை வைக்கிறார்கள்.

‘இரண்டு மூன்று எழுத்து மாறினாலும் பரவாயில்லை’ என்ற வழக்கமான சலுகை இங்கே செல்லாது. ஒன்றையொன்று போல் தோன்றும் வடிவங்களை மட்டும் தானாகத் திருத்தலாம்: பெரிய ஐ, சிறிய எல், எண் 1; பூஜ்யமும் ஓவும்; ஆரும் என்னும் ஒட்டி நின்று எம்மாகத் தெரிவது. அதுவும் திருத்தத்தின் முடிவில் ஒரே ஒரு செல்லுபடியாகும் பெயர் கிடைத்தால்தான். இரண்டு பெயருக்கு இடமிருந்தால், படத்தில் அந்தச் சொல் இருக்கும் துண்டை மட்டும் வெட்டிக் காட்டி ‘இதில் எது?’ என்று கேட்க வேண்டும். பெக்-4, பெக்-40, பாலிசார்பேட் 20, 60, 80 போன்ற எண்ணுள்ள பெயர்களுக்குச் சலுகையே கிடையாது.

கேட்டால் பயனருக்கு அலுக்கும் என்கிறார் டிசைனர். அலுக்கட்டும்.

ஜனவரி 12

1% கோடு. எல்லாருக்கும் பிடித்த தந்திரம், எல்லாரும் தவறாக விற்கும் தந்திரமும் இதுதான்.

பட்டியல் எடை அதிகமானதில் தொடங்கி இறங்கும். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். கோடு எங்கே என்று லேபிள் சொல்லாது. ஆனால் ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பிரிசர்வேட்டிவுக்கு ஐரோப்பிய உச்ச வரம்பு 1%. அந்தச் சந்தைக்கான பொருளில் அதற்குப் பின்னால் வருபவை 1 சதவீதமோ அதற்குக் கீழோதான். அதற்கு முன்னால் இருப்பவை 1 சதவீதத்துக்கு மேல் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அங்கிருந்து ஏதும் தெரியாது. ஆக, திரையில் வரக்கூடிய வாக்கியம் ஒன்றே ஒன்று: ‘இதற்குப் பின் உள்ளவை 1% அல்லது குறைவு.’

விதிவிலக்குகள். நிறமிகளை மற்ற எல்லாவற்றுக்கும் பின்னால் எந்த வரிசையிலும் எழுத அனுமதி உண்டு, ஆகவே உதட்டுச்சாயத்தின் கடைசியில் இருக்கும் இரும்பு ஆக்சைடு 1 சதவீதத்தைத் தாண்டியிருக்கலாம். அமெரிக்காவில் சன்ஸ்கிரீன் மருந்துக் கணக்கில் வருகிறது. வெயிலைத் தடுக்கும் பொருள்கள் சதவீதத்தோடு தனியாக நிற்கும், மற்றவை பல லேபிள்களில் அகரவரிசையில் இருக்கும். பெயர்கள் அகரவரிசையில் ஓடுகிறதா என்று முதலில் சோதி. ஓடினால் கோட்டையே அணை.

கோட்டுக்குக் கீழே உள்ளவற்றை மங்கலாகக் காட்டலாம் என்ற யோசனை மறுபடி வந்தது. வேண்டாம். ஒவ்வாமை தரக்கூடிய பிரிசர்வேட்டிவான மெத்தில்ஐசோதயசோலினோன் 0.0015 சதவீதத்தில் பேசப்படுகிற பொருள். முகக் கிரீமில் ரெட்டினாலுக்கே ஐரோப்பிய வரம்பு 0.3%. கொஞ்சமாக இருப்பதால் அற்பம் என்று நினைக்க வைக்கும் டிசைன், இருக்கிற பயத்தை விட மோசமான பொய்.

ஜனவரி 13

சாம்பல், பச்சைக்குப் பக்கத்தில் நின்றால் பச்சையாகத்தான் படுகிறது.

ஜனவரி 15

ஒரு பொருளுக்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் காட்டுவது? இன்றும் அதே கூட்டம், அதே கேள்வி.

சோடியம் ஹைட்ராக்சைடை எடுத்துக்கொள்வோம். தனியாகப் பார்த்தால் தோலை அரிக்கும் காரம். சோப்பு செய்யும்போது எண்ணெயோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். கிரீமில் அமிலத் தன்மையைச் சரிக்கட்டத் துளி சேர்ப்பார்கள். பெயரை வைத்து மதிப்பெண் போட்டால் மூன்று இடத்திலும் சிவப்பு. பொருளின் இயல்பில் உள்ள கேடு வேறு, இந்த அளவில், இந்த இடத்தில், இவ்வளவு நேரம் பட்டால் வரக்கூடிய ஆபத்து வேறு. மதிப்பெண் இரண்டையும் குழைத்து ஓர் எண்ணாக்கிவிடுகிறது.

ஆகவே முதல் கேள்வி: கழுவிவிடுவதா, தோலிலேயே விடுவதா? மெத்தில்ஐசோதயசோலினோன் ஐரோப்பாவில் தோலில் விடும் பொருள்களில் 2017 முதல் தடை. கழுவிவிடுபவற்றில் அதே 0.0015% வரை அனுமதி. ஷாம்புவுக்கும் லோஷனுக்கும் ஒரே விளக்கம் காட்டினால் ஒன்றில் பொய் சொல்கிறோம். பொருள் வகை தெரியாமல் விளக்கப் பக்கம் திறக்கவே கூடாது.

ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் நிரப்ப வேண்டியவை: இது இங்கே என்ன வேலை செய்கிறது, எந்த வகைப் பொருளில் எந்த வரம்பு, எந்த நாட்டுச் சட்டப்படி, எந்தத் தேதியிலிருந்து, யார் கவனிக்க வேண்டும், கடைசியாக யார் எப்போது சரிபார்த்தார். வேலை ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் எழுது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, கரைப்பானாகவும் நிற்கிறது.

சரிபார்க்க அனுப்பிய பக்கங்கள் இன்னும் திரும்பவில்லை.

ஜனவரி 16

வரவில்லை.

ஜனவரி 19

ஒவ்வாமைப் பட்டியல். இந்தச் செயலிக்கு உண்மையான தேவை உள்ளவர்கள் இவர்கள்தான், மற்றவர்கள் ஆர்வத்துக்காக வருபவர்கள்.

தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் (பொருளைத் தோலில் ஒட்டி ஒவ்வாமை பார்க்கும் சோதனை) செய்து கொடுக்கும் சீட்டில் லேபிளில் உள்ள பெயரே இருக்காது. ‘ஃபிராக்ரன்ஸ் மிக்ஸ் 1’ என்று இருக்கும். அது எட்டுப் பொருள்: சின்னமால், சின்னமைல் ஆல்கஹால், அமைல் சின்னமால், யூஜெனால், ஐசோயூஜெனால், ஜெரானியால், ஹைட்ராக்சிசிட்ரோனெல்லால், ஓக்மாஸ். ‘பால்சம் ஆஃப் பெரு’ லேபிளில் மைராக்சிலான் பெரெய்ரே. ‘ஃபார்மால்டிஹைடு’ என்று சீட்டில் இருந்தால் டிஎம்டிஎம் ஹைடன்டோயின், இமிடசோலிடினில் யூரியா, டயசோலிடினில் யூரியா, குவாட்டர்னியம்-15, சோடியம் ஹைட்ராக்சிமெத்தில்கிளைசினேட், முதல் நாள் பார்த்த அந்த ப்ரோமோ எல்லாவற்றையும் தேட வேண்டும். பயனர் குழுவைத் தேர்ந்தால் உறுப்பினர்கள் தானாக விரிய வேண்டும், எது எதனால் சேர்ந்தது என்றும் தெரிய வேண்டும்.

இப்போது மறுபடி சாம்பல். லேபிளில் ‘பர்ஃபம்’ என்று ஒரே சொல், வேறு வாசனைப் பெயரே இல்லை. யூஜெனால் இருக்கிறதா? ஐரோப்பிய லேபிள் என்றால், தோலில் விடும் பொருளில் 0.001 சதவீதத்தையும் கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்தையும் தாண்டினால் பெயர் போட்டிருக்க வேண்டும். வரம்புக்குக் கீழே இருந்தால் இராது. அந்தச் சட்டம் இல்லாத நாட்டு லேபிள் என்றால் எதுவும் தெரியாது. லாவெண்டர் எண்ணெய் மட்டும் எழுதியிருந்தால் லினலூல் உள்ளே இருக்கிறது என்று நாமே சொல்லலாம், அது அந்த எண்ணெயின் முக்கியக் கூறு.

மூன்று நிலைதான்: இருக்கிறது, பட்டியலில் இல்லை, சொல்ல முடியாது. ‘பாதுகாப்பானது’ என்ற சொல் எந்த நிலையிலும் வரக் கூடாது. மூன்றாவதற்கு வெறும் நிறம் போதாது. கேள்விக்குறி உருவம், தடித்த விளிம்பு, ஏன் தெரியவில்லை என்று ஒரு வரி. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவருக்கும் இதுதான் வழி. திரையைப் படித்துச் சொல்லும் கருவி முதலில் நிலையையும் பிறகு பெயரையும் சொல்ல வேண்டும்.

ஜனவரி 21

பார்கோடு ஃபார்முலாவைக் குறிப்பதில்லை. விற்பனைப் பொருளைக் குறிக்கிறது. உற்பத்தியாளர் பிரிசர்வேட்டிவை மாற்றிவிட்டு அதே எண்ணில் விற்பது சாதாரணம். ஓப்பன் பியூட்டி ஃபேக்ட்ஸ் போன்ற திறந்த தரவிலிருந்து எடுத்தாலும் படம் எடுத்த தேதியைப் பார். ஒரே எண்ணுக்குக் கீழே பல பட்டியல்கள், ஒவ்வொன்றுக்கும் தேதி. கையில் உள்ள லேபிளும் சேமித்ததும் முரண்பட்டால் லேபிளே வெல்லும். பார்கோடு மட்டும் ஸ்கேன் செய்தவருக்கு ‘இது பழைய பட்டியலாக இருக்கலாம்’ என்ற வரியும் தேதியும் மேலேயே நிற்க வேண்டும்.

எண்ணைக் கையால் அடிப்பவருக்குச் சரிபார்ப்பு இலக்கம்: முதல் 12 இலக்கங்களை 1, 3, 1, 3 என்று பெருக்கிக் கூட்டு, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுவே 13-வது. 12 இலக்க அமெரிக்க எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம். சேர்க்காவிட்டால் ஒரே பொருள் இரண்டு பதிவாகும்.

ஜனவரி 23

சட்டத்துக்குத் தேதி உண்டு. பியூட்டில்ஃபினைல் மெத்தில்ப்ரோப்பியோனல், லிலியல் என்று சொல்வார்களே அந்த வாசனைப் பொருள், 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பாவில் தடை. அதற்கு முன் வாங்கிய பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கும். ‘சட்டவிரோதப் பொருள்’ என்று கத்தினால் தவறு. விற்றபோது அனுமதி இருந்தது, பிறகு தடை வந்தது, காரணம் இது என்று சொன்னால் போதும். பெயர் குறிக்க வேண்டிய வாசனைப் பொருள்களின் பட்டியல் 80-ஐத் தாண்டி விரிகிறது: புதிதாக வருபவற்றுக்கு 2026 ஜூலை 31, ஏற்கெனவே கடையில் உள்ளவற்றுக்கு 2028 ஜூலை 31. அதுவரை இரண்டு விதமான லேபிள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பழைய லேபிளில் பெயர் இல்லை என்பதற்கு அர்த்தமில்லை.

சாம்பல் இன்னும் பெருகும்.

ஐரோப்பிய ஆணையத்தின் அழகுசாதன மூலப்பொருள் தரவுத்தளமான காஸ்இங்கில் பெயர் இருப்பது அனுமதி ஆகாது. அங்கிருந்து பெயரையும் வேலையையும் எடு, தீர்ப்பை எடுக்காதே.

ஜனவரி 26

‘இதற்குப் பதில் இதை வாங்குங்கள்’ பொத்தான். பணம் தருவார்களாம். எச்சரிக்கைக்குக் கீழே விற்பனை வைத்தால் எச்சரிக்கை அதிகமாக அதிகமாக வருமானம் கூடும். அதற்கு மேல் விவாதம் எதற்கு?

ஒவ்வாமையும் கர்ப்பமும் பற்றிய விவரங்கள் போனைவிட்டு வெளியே போகாது. பெயர் அகராதியும் போனுக்குள்ளேயே. கடையில் நெட் இருக்காது.

ஜனவரி 28

பக்கங்கள் வந்தன. ‘உறுதி’ என்று எழுதிய இடங்களிலெல்லாம் சிவப்பு மை.

ஜனவரி 30

ஹேர் டை. ஒரு பெட்டி, உள்ளே சாய டியூப், சாயத்தோடு கலக்கும் டெவலப்பர், கடைசியில் போடும் கண்டிஷனர். பெட்டியின் பின்னால் மூன்று பட்டியல்கள் ஒட்டி ஒட்டி. பட்டியலைப் பிரிக்கும் நிரலான பார்ஸர் மூன்றையும் ஒன்றாக்கிவிட்டு, இரண்டாவது தண்ணீரைக் கண்டதும் ‘மீண்டும் வந்தது’ என்று தூக்கிவிடுகிறது. பட்டியல் நடுவில் மறுபடி ‘அக்வா’ வந்தால் புதிய பட்டியல் தொடங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

பி-ஃபினைலீன்டையமின் என்ற சாயப் பொருளுக்கு ஐரோப்பிய வரம்பு 2%, டெவலப்பரோடு கலந்து தலையில் வைக்கும் நிலையில். டியூபுக்குள் அதைவிட அதிகம் இருக்கலாம். நம்மிடம் வரம்பு மூலப்பொருளோடு ஒட்டியிருக்கிறது, கலந்த பிறகு என்று குறிக்க இடமே இல்லை. அதற்கு ஒவ்வாமை உள்ளவருக்கு டொலுயீன்-2,5-டையமினும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், குழுவில் அதையும் சேர்க்க வேண்டும்.

‘கழுவிவிடுவதா’ என்ற கேள்வியும் பெட்டிக்குப் பொருந்தாது. பொருள் அட்டவணையைப் பிரிக்க வேண்டும்: பெட்டி, அதன் கீழே கூறுகள், ஒவ்வொரு கூறுக்கும் தனி வகை, தனிப் பட்டியல், கலக்கும் விகிதம். விகிதம் சில பெட்டிகளில் உள்ளே இருக்கும் தாளில்தான் அச்சாகிறது. பெட்டியை மட்டும் படம் எடுத்தவருக்கு விகிதம் காலி.

காலியாக இருந்தால் எந்த நிலை என்று இன்று மாலைக்குள் முடிவு செய்ய வேண்டும்.